உயிரோடிருந்தவனுக்கு ஓர் இழவு

ஆப்பிரிக்காவின் ஊகாதுகு நகரத்தில், தங்கின் என்கிற பேட்டையில், சேவல் கூவுவதற்கு முன்னால் கொலெத் தோயேயின் வாய் கூவிவிடும். சோளக்கள் காய்ச்சும் பானைக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருக்கும் சிப்பாய் சாலிஃப் தப்சோபாவைப் பார்த்து ஆரம்பிப்பாள்.

"ஏய் அடிமை! எந்திரிச்சிட்டியா? எஜமானி வீட்டு விறகை யாரு பொளக்கறது? உன் தாத்தனோட குதிரை வந்து பொளக்குமா?"

"வாயை மூடு, நாய்த்தலை தின்னி! காத்து இந்தப் பக்கம் அடிக்குது. உன் வாய் நாத்தம் பட்டு என் கிடா மயங்கிக் கெடக்கு."

"அட, அது கிடாவா? மூஞ்சியப் பாத்துட்டு உன் கூடப்பொறந்தவன்னுல்ல நெனச்சேன்!"

இதைக் கேட்டு அந்தத் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொலெத் சமோ இனம், நாய்த்தலை தின்பவர்கள் என்று கேலிக்கு ஆளானது; தப்சோபா மொஸ்ஸி இனம், குதிரையேறி வந்தவர்கள் என்று பீற்றிக்கொள்வது. மாமன் மச்சான் கேலி தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. என்ன வித்தியாசம் என்றால், இங்கே அந்த முறை இரண்டு குடும்பங்களுக்கு இடையில் இல்லை, இரண்டு இனங்களுக்கே உண்டு. ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் வையலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. வந்தால் அவன் மனுஷனே இல்லை. முறைக்காரர் குறுக்கே வந்து நின்றால் சண்டையை நிறுத்த வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். யாருக்கு யார் அடிமை என்கிற வழக்கில் மட்டும் முப்பாட்டன் காலத்திலிருந்து தீர்ப்பு வரவில்லை. வரவும் வேண்டாம் என்றுதான் இரண்டு தரப்பும் ஆசைப்படுகின்றன.

கொலெத், தோமா என்கிற ஊரிலிருந்து வாக்கப்பட்டுத் தலைநகரமான ஊகாதுகுவுக்கு வந்தவள். புருஷன் கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன், தன் வீட்டுக்குக் கூரை போடுவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அன்று கொலெத் கல்லாகிப்போனாள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. அப்போது பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தப்சோபா, மீசைகூடச் சரியாக முளைக்காத சிப்பாய், குழிக்குள் இறங்கி மல்லாக்கப் படுத்துக்கொண்டான். "இது எனக்கு வெட்டுன குழி. குளுகுளுன்னு இருக்கு. இந்தச் சமோப் பயலை வேற எங்கயாச்சும் போடுங்க. கோலாக் கொட்டை குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்றான். முறைக்காரன் சாவு வீட்டில் அப்படித்தான் செய்ய வேண்டும். வெற்றிலை பாக்கு மாதிரி மரியாதைக்குக் கொடுக்கிற அந்தக் கோலாக் கொட்டையைக் கொடுத்தபோது, "இது சொத்தை, வேற குடு" என்று பேரம் வேறு பேசினான். கொலெத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பின் பின்னாலேயே அழுகையும் வந்தது, உயிரும் வந்தது.

"அதுக்காக அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்" என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அவன் மேல் அவளுக்கு உயிர் என்பது ஊருக்கே தெரியும். அவன் பெண்சாதி அஸேதாவுக்குப் பிரசவம் பார்க்க ஓடியதும் அவள்தான், அவன் அதிபரின் காவல் படைக்கு எடுக்கப்பட்டபோது, "போயும் போயும் இவனைக் காவலுக்கு வச்சாங்களா? கதவைத் திருடிட்டுப் போயிடுவான்" என்று சொல்லித் தெரு முழுக்கக் கள் ஊற்றியதும் அவள்தான்.

அந்தக் காவல் படைதான் ஒரு செப்டம்பரில் ஆட்சியைப் பிடித்தது.

தேர்தலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். வேட்பாளர்கள் படம் போட்ட துணியை வெட்டிப் பெண்கள் பாவாடை தைக்கத் தொடங்கியிருந்தார்கள். மந்திரிகள் கூடியிருந்த அறைக்குள் படை புகுந்து அதிபரையும் பிரதமரையும் பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் ஒரு சீருடைக்காரர் வந்து, ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் ஜனநாயகத்தைக் கலைத்தோம் என்கிற மாதிரி என்னவோ வாசித்தார். அந்தி சாய்ந்தால் யாரும் வெளியே வரக் கூடாது என்றார்கள், எதிர்த்து வந்த கூட்டத்தைக் காவல் படை சுட்டது.

கொலெத்தின் பானைகளில் அன்றைக்குத்தான் கள் நுரைத்துத் தயாராகி இருந்தது. சோளக்கள்ளுக்குப் பொறுமை கிடையாது. உடனே குடித்தால் அமிர்தம், விட்டுவைத்தால் காடி. குடிக்க ஆள் வரவில்லை. பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவள் ராணுவத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதாள். அவளுடைய அரசியல் அப்படித்தான் அடுப்படியிலிருந்து தொடங்கியது.

அதன் பிறகு வானொலிக்கு ஓய்வே இல்லை. பக்கத்து நாட்டு அதிபர்கள் விமானம் ஏறி வந்திருக்கிறார்களாம். ஆப்பிரிக்க ஒன்றியம் நம்மை விலக்கி வைத்துவிட்டதாம். சதிக்காரர்கள் எல்லை தாண்டத் தடையாம், வங்கியில் இருப்பது முடக்கமாம். பிரான்சு கண்டித்தது, அமெரிக்கா கண்டித்தது, பேரே கேள்விப்படாத நாடெல்லாம் கண்டித்தது. கொலெத் துடுப்பால் பானையைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"நல்லா மிரட்டுங்கய்யா, மிரட்டுங்க. ஆனா ஒருத்தனுக்காவது ஒழுங்கா வையத் தெரியுதா பாரு! 'ஆழ்ந்த கவலை'யாம். கவலைப்பட்டா சிப்பாய் துப்பாக்கியக் கீழ வைப்பானா?"

வந்த அதிபர்கள் தங்கியது நகரத்தின் பெரிய ஹோட்டலில். பேச்சுவார்த்தை அங்கேதான். ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தால் சதிக்காரர்களுக்கு மன்னிப்பு என்று ஒரு சமரசம் தயாராகிறது என்று காதில் விழுந்ததும் ஊர் கொதித்தது. கொலெத் தன் கள் துடுப்பை எடுத்துக்கொண்டு, தெருப் பெண்களோடு ஹோட்டல் வாசலுக்குப் போனாள். இந்த ஊரில் ஒரு பெண் ஆண்பிள்ளையை நோக்கித் துடுப்பை ஓங்கினால், அதைவிட அவனுக்குக் கேவலம் கிடையாது. அதனால்தான் வாசலில் நின்ற சிப்பாய்கள் கல்லுக்குக்கூடப் பயப்படாமல் துடுப்பைக் கண்டு நெளிந்தார்கள்.

அந்த வரிசையில் தப்சோபா நின்றான்.

கொலெத்துக்கு அவனைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். ஆட்சியே கவிழ்ந்தது மறந்துபோயிற்று. "ஏய் அடிமை!" என்று கூவினாள். "யாரைக் கேட்டுத் துப்பாக்கியத் தூக்குன? வீட்டுல விறகு பொளக்காமக் கெடக்கு! உன் கிடா என் சோள முளையெல்லாம் தின்னுடுச்சு, அதுக்கு நீதான் பொறுப்பு!"

பெண்கள் சிரித்தார்கள். பக்கத்துச் சிப்பாய்க்கும் உதடு துடித்தது. தப்சோபா மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதுல விழலியா? குதிரைக்காரன் பேரன்னு பீத்திக்குவியே, மொபெட்டுக்குப் பெட்ரோல் போட வக்கில்லாதவனே!"

அவன் கண் அவள் மேல் பட்டது, நின்றது, பிறகு தரைக்குப் போய்விட்டது.

கொலெத்தின் துடுப்பு தானாகக் கீழே இறங்கியது. இத்தனை வருஷத்தில், காய்ச்சலில் கிடந்தபோதுகூட, அவன் பதில் வசவு தராமல் இருந்ததில்லை. துப்பாக்கியைப் பார்த்து வராத பயம் அந்த மௌனத்தைப் பார்த்து வந்தது. கொலெத் பேசாமல் வீடு திரும்பியதைப் பார்த்துத் தெருக்காரர்கள்தான் பயந்துபோனார்கள்.

ஆனால் காற்று மாறியது. நாட்டின் மற்ற ஊர்களிலிருந்து ராணுவம் தலைநகரை நோக்கிக் கிளம்பியது. வழி நெடுக ஜனங்கள் தண்ணீரும் வேர்க்கடலையும் கொடுத்து அனுப்பினார்கள். வெளியிலிருந்து அதிபர்கள் நெருக்கினார்கள், உள்ளேயிருந்து ஜனங்கள் நெருக்கினார்கள். ஆட்சி இல்லாவிட்டாலும் ஊர் மதிக்கும் மொஸ்ஸி அரசரின் முற்றத்தில் ராணுவமும் காவல் படையும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டன. "ஒரு சமோகூட இல்லாம மொஸ்ஸிக்காரங்க சமாதானம் பேசினாங்களா? செல்லாது!" என்று கொலெத் தீர்ப்பு சொன்னாள். மறுநாளே பிடிபட்டிருந்த அதிபர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஊகாதுகு முழுக்க ஹாரன் சத்தம், ஆட்டம், பாட்டு. கொலெத் புதிதாகக் காய்ச்சிய கள் பகல் முடிவதற்குள் காலி.

பக்ரீத்தும் வந்தது. வீட்டுக்கு வீடு கிடா அறுத்தார்கள், கறி வாசம் கிறிஸ்தவர் வீடு முஸ்லிம் வீடு பார்க்காமல் நுழைந்தது. அஸேதா வீட்டில் மட்டும் கிடா கட்டிய கயிற்றோடு நின்று கொலெத்தின் சோளத்தை மென்றுகொண்டிருந்தது. வீட்டு ஆண்பிள்ளை வந்துதான் அறுக்க வேண்டும், அவன் வரவில்லை.

காவல் படையைக் கலைத்து ஆணை போட்டுவிட்டார்கள். ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு பகுதி ஒப்படைத்தது. மிச்சம் பேர் சதிக்குத் தலைமை தாங்கிய தளபதிக்கு விசுவாசம் என்று முகாமுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். முகாமைச் சுற்றி ராணுவம் பீரங்கியை நிறுத்தியது. பண்டிகை முடிந்து சில நாள் கழித்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தக் காலையில்தான் அஸேதா போனைப் பிடித்தபடி சுவரைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, அவரு பேசிட்டாரு."

"என்ன சொல்றான் அந்த அடிமை?"

"'எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய வருவேன்? நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு அக்கா."

அஸேதா தேம்பினாள். கொலெத் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

"செத்துட்டானா? அவனே சொன்னானா? அப்ப சரி. செத்தவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுதானே ஆகணும்? அவன் பெரிய அங்கியும் தொப்பியும் எங்க வச்சிருக்க?"

மொஸ்ஸி வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு மருமகள் ஒருத்தி இறந்தவனின் உடையைப் போட்டுக்கொண்டு, அவனைப் போலவே நடந்து, அவனைப் போலவே பேசிக் காட்டுவாள். தப்சோபாவின் மகன் இன்னும் பால்பல் விழாதவன், மருமகளுக்கு வழியில்லை. குழியை மறிக்கிற முறைக்காரியின் வேலை, மருமகளின் வேலை, இரண்டையும் சேர்த்துத் தானே செய்வதென்று கொலெத் முடிவு செய்தாள். பூவேலை செய்த நீல அங்கியை மாட்டினாள், தொப்பியைச் சாய்த்து வைத்தாள், தொப்பைக்கு ஒரு தலையணையைச் செருகினாள். தோளில் துடுப்பு துப்பாக்கி ஆனது. கிளம்பிவிட்டாள்.

பாதி ஊர் அவளைப் பார்த்தது. தப்சோபாவின் அங்கியில் ஒரு பெண்பிள்ளை நடந்து போகிறாள் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். "ஐயோ, சாலிஃப் போயிட்டானா!" என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். கொலெத் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

முகாம் சாலையில் ஒரு லெப்டினன்ட் மறித்தான். "அம்மா, இதுக்கு மேல போகக் கூடாது. ஆமா, இது என்ன வேஷம்?"

"உன் குடும்பப் பேரு என்ன?"

"நிக்கியேமா."

"மொஸ்ஸி! அப்ப நீயும் என் அடிமைதான். நான் தோயே. வழிய விடு."

லெப்டினன்ட் வானத்தைப் பார்த்தான், பீரங்கியைப் பார்த்தான், தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாய்த்தலை தின்னிங்க தொல்லை தாங்கல" என்று முனகினான். "மதியத் தொழுகைக்குள்ள திரும்பிடணும். அதுக்கு மேல என் கையில இல்ல." விலகி நின்றான்.

முகாம் வாசலில் அவள் இழவைத் தொடங்கினாள்.

தப்சோபா நடப்பது போல வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அவன் மொபெட்டை உதைத்து உதைத்து அது கிளம்பாமல் சுற்றுமுற்றும் பார்ப்பது போலச் செய்தாள். அவன் குறட்டையை விட்டாள். "அஸேதா, குழம்புல உப்பு இல்ல" என்று அவன் குரலிலேயே சிணுங்கிவிட்டு, அவன் மாதிரியே நாலு தரம் போட்டுத் தின்றாள். மதில் மேல் ஒரு தலை முளைத்தது, பிறகு வரிசையாகத் தலைகள். உள்ளே எத்தனையோ நாளாகச் சிரிக்காத மனிதர்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"என்னய்யா சிரிப்பு, இழவு வீட்டுல!" என்று கொலெத் அதட்டினாள். "சாலிஃப் தப்சோபா செத்துட்டான்! நல்லவன்தான் பாவம். சோம்பேறி, வாயாடி, சாப்பாட்டு ராமன், ஆனா நல்லவன். கிடா வாங்கினான், அறுக்கக் குடுத்து வைக்கல. பொணத்தை வெளிய அனுப்புங்க! எஜமானி நான் வந்திருக்கேன், பொதைச்சுட்டு வேலையப் பாக்கணும்!"

இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"நான் எங்கடி செத்தேன், நாய்த்தலை தின்னி!"

பதில் வந்துவிட்டது. கொலெத் கண்ணைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினாள், பிறகு துடைக்காமல் மாட்டிக்கொண்டாள்.

"யாரது, பொணம் பேசுது?"

"என் அங்கிய அழுக்காக்காதடி!"

"செத்தவனுக்கு எதுக்கு அங்கி? உசுரோட இருந்தா வந்து வாங்கிக்க."

கதவுக்குப் பின்னால் குரல் இறங்கியது. "வந்தா தெருவுல என்னை அடிச்சே கொன்னுடுவாங்க, தோயே. வானத்தைப் பாத்துத்தான் சுட்டேன். ஆனா சுட்டேன். குண்டு எங்க எறங்குச்சோ எனக்குத் தெரியாது."

கேலி நின்றுவிட்டது. கொலெத் கதவருகே போனாள். "அதை நீதிபதிகிட்ட சொல்லு. கேக்கறதுக்கெல்லாம் நின்னு பதில் சொல்லு. அவங்க குடுக்கறத வாங்கிக்க. ஆனா தெருவுல உன் மேல கை வைக்க எவனுக்கும் உரிமை இல்ல. என் அடிமையை அடிக்கணும்னா என்னைக் கேட்டுட்டு அடிக்கட்டும். நான் குடுக்க மாட்டேன்."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தப்சோபா துப்பாக்கியையும் சீருடைச் சட்டையையும் உள்ளேயே போட்டுவிட்டு, பனியனும் கால்சட்டையுமாக, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் பின்னால் இன்னும் சிலர். "எங்களுக்கும் இழவு எடுப்பியா அக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் மூஞ்சிக்கு இதுவே போதும், நட" என்றாள் அவள். லெப்டினன்ட் எல்லார் பெயரையும் எழுதி, கூப்பிட்டபோது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினான்.

கொலெத் அங்கியோடு முன்னால் நடந்தாள், அங்கிக்குச் சொந்தக்காரன் பனியனோடு பின்னால் நடந்தான். பாலத்தருகே இளைஞர்கள் டயரை எரித்து வழியை மறித்திருந்தார்கள். ஒருத்தன் பாய்ந்து வந்தான். "இவன் அந்தப் படைக்காரன்! என் அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கான்!"

கொலெத் குறுக்கே நின்றாள். "தம்பி, உன் அண்ணனுக்காக இவன் கோர்ட்டுல வந்து நிப்பான். நிக்கலேன்னா இதே துடுப்பால நானே இழுத்துட்டு வருவேன், இது சத்தியம். இப்ப நாங்க இழவுக்குப் போறோம். பொணத்தை அடிச்ச பேரு உனக்கு வேண்டாம்."

அவன் தப்சோபாவின் பனியனைப் பார்த்தான், கொலெத்தின் தலையணைத் தொப்பையைப் பார்த்தான். பின்னால் நின்ற கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் கையை இறக்கினான், அது போதுமானதாக இருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தால் உண்மையாகவே இழவு நடந்துகொண்டிருந்தது. முற்றம் நிறையப் பாய், பாய் நிறைய ஜனம். கால் கட்டிய கோழிகள் ஒரு மூலையில், சோள மூட்டை ஒரு மூலையில். இமாம் ஓதிக்கொண்டிருந்தார். அஸேதாவுக்கு விஷயம் தெரியும்தான். ஆனால் இத்தனை பேர் வந்து கட்டிக்கொண்டு அழுதால், தனக்குத் தெரியாமல் புதுச் செய்தி ஏதோ வந்துவிட்டது என்றுதானே நினைப்பாள்? குரல் கம்மிப்போகும் வரை அழுதிருந்தாள்.

பனியனோடு பிணம் உள்ளே வந்தது. ஒரு கிழவர் எழுந்து சுவரேறப் பார்த்தார். இமாம் ஓதுவதை நிறுத்தினார்.

"செத்தவன் நடந்து வந்தா என்ன ஓதணும்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியேப்பா" என்றார்.

அஸேதா பாய்ந்து வந்து கொலெத்தின் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிப் புருஷன் தலைக்கு மேல் ஓங்கினாள். முற்றமே மூச்சைப் பிடித்தது. துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் வீட்டுக்குள் நுழையப் போனபோது கொலெத் வாசல்படியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். "பொணம் சும்மா உள்ள போக முடியாது. முறைக்காரிக்குக் குடுக்க வேண்டியதக் குடு. கிடாவோட தலை எனக்கு. கோலாக் கொட்டை வேணும். சொத்தை குடுத்தே, எந்திரிக்க மாட்டேன்."

அவனுக்கு அந்தக் குழி ஞாபகம் வந்தது. அவளுக்கும்தான். "குடுத்துத் தொலைக்கறேன், எந்திரி" என்றான்.

கிடா அன்றைக்கு அறுபட்டது. துக்கத்துக்கு வந்த கோழிகளை யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை, குழம்பாயின. தாமதமாக வந்த பக்ரீத், முன்னதாக வந்த இழவு, இரண்டையும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கறி வேகும்போது தப்சோபா கொலெத்தின் கள் கொட்டகையில் கோடாலி எடுத்து விறகு பிளந்துகொண்டிருந்தான். சும்மா இருக்க முடியவில்லை என்றான். பின்னாளில் அவன் நீதிபதி முன் நின்றான், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான், வேலை போயிற்று, கொஞ்ச காலம் உள்ளேயும் இருந்து வந்தான். அதன் பிறகு அந்தக் கொட்டகையில்தான் அவனுக்குப் பிழைப்பு. அடிமை வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது என்று கொலெத் இப்போதும் பீற்றிக்கொள்வாள்.

ஆனால் அன்று, மதியத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், முகாம் பக்கமிருந்து பீரங்கி முழங்கியது. ஒரு தரம், மறுபடி ஒரு தரம். தகரக் கூரை அதிர்ந்தது. முற்றத்தில் எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். தப்சோபாவின் கோடாலி பாதி வழியில் நின்றது.

கொலெத் அவனைப் பார்த்தாள். பனியன் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. மூச்சு ஏறி இறங்கியது. என்னவெல்லாமோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வசவுகூட வரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிவதை அவள் துடைக்கவும் இல்லை.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன தோயே, சத்தத்தையே காணோம்?" என்றான். "செத்துட்டியா? அங்கியக் குடு, உனக்கு ஒரு இழவு எடுக்கறேன்."

"விறகப் பொளடா, அடிமை!" என்றாள் கொலெத்.